ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது

“உதவி மையப் பொறுப்பாளர்: பயனாளர்களின் புகார்களைப் பணிவுடனும் இன்முகத்துடனும் கேட்டுப் பதிவு செய்து, உரிய நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பவர்.”

அச்சகத்தின் மாடிப்படி முடியும் இடத்தில் இப்படி ஒரு பலகை மாட்டியிருக்கிறது. பலகைக்கு நேர் கீழே, அது வர்ணிக்கும் அதே பொறுப்பாளர், கணக்கு எழுத்தரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எழுத்தர் செய்த குற்றம், உறைந்துபோன தம் கணினியின் பொத்தானை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டியது.

“தொடாதீங்க.”

“ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும் மேடம்.”

“சரியாயிடும். எதனால நின்னுச்சுன்னு அப்புறம் யாரு, உங்க மாமனார் வந்து சொல்வாரா?”

எழுத்தர் விரலை மடக்கிக்கொள்கிறார். பொறுப்பாளர் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். இனி எழுத்தர் டீ குடித்துவிட்டு வரலாம்; அவசரப்படாமல் குடிக்கலாம்.

இன்முகம் இவரிடம் கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு கணினி விழுந்து, ஏன் விழுந்தேன் என்று திரையில் எழுதியும் காட்டினால், பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொன்ன வீடு மாதிரி அவர் முகம் மலர்ந்துபோகும். பணிவும் உண்டு, மேசைக்கு அடியில் குனிந்து கம்பிகளைப் பிரிக்கிற நேரத்தில். புகாரை உரிய நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பதுதான் வராது. அனுப்பினால் அதைத் தாம் பார்க்க முடியாதே என்ற கவலை.

அலுவலகத்தில் அவருக்கு உடும்பு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அதை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர் அவரே. தொலைபேசியை எடுத்தால், “உடும்பு பேசறேன், எது செத்துச்சு?” என்பார். கைப்பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பா, குடை, ஸ்க்ரூடிரைவர், வால் நீண்ட கம்பிகள், எதற்கும் பொருந்தாத ஒரு மூடி. பேனா கேட்டால் கிடையாது. எவ்வளவு பெரிய பொருளானாலும் அந்தப் பைக்குள் போய்விடும் என்பது அச்சகத்தில் எல்லோரும் அறிந்தது. ஒருமுறை விருந்தினர் அறை மேசை மின்விசிறியே போயிருக்கிறது. “சத்தம் போட்டுச்சு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டேன்” என்று மறுநாள் திருப்பி வைத்தார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்வதானால், அங்கே துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட்டைத் தொடையில் நாலு தட்டுத் தட்டினால்தான் வேலை செய்யும். எதையும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். மனைவியைப் பற்றிக் குறைப்படுவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருப்பவர். “ஆபீஸ்ல ரீஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கா. வீட்ல என்ன தெரியுமா? எங்களுக்குள்ள சண்டை முத்துச்சுன்னா செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவா. கதவச் சாத்திட்டு பெல் அடிப்பா. நான் உள்ள இருந்து ‘யாரு?’ன்னு கேக்கணும். கேட்டுட்டேன்னா சண்டை முடிஞ்சுதுன்னு அர்த்தம். காரணம் என்னன்னு ரெண்டு பேருமே தேட மாட்டோம்.”

அச்சகம் பார்வையற்றவர்களுக்கான பாடநூல்களைப் புள்ளி எழுத்தில் அச்சிடுகிறது. உள்ளறையில் ஒரு கணினி. அதன் ஒரு பக்கத்தில், தாளில் புள்ளிகளைக் குத்தித் தள்ளும் பெரிய அச்சுப்பொறி. அது ஓடும்போது தரையும் ஜன்னலும் சேர்ந்து ஓடும். இன்னொரு பக்கத்தில் மெய்ப்புப் பார்ப்பவருக்கான பிரெய்ல் பட்டை. ஸ்கேல் போல நீண்ட, கொஞ்சம் தடித்த பலகை அது. அதன்மேல் சின்னச் சின்ன ஊசிமுனைகள் எழுந்தும் அமர்ந்தும் ஒரு வரியைப் புள்ளிகளாகக் காட்டும். விரலால் தடவிப் படித்துவிட்டு ஓரத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி எழும். பிழை திருத்துவதற்கும் அதிலேயே பொத்தான்கள் உண்டு. சாதாரண விசைப்பலகை ஒன்றும் கணினியோடு இருக்கிறது. கணினியில் செருகும் முனை வட்டமாக இருக்கும் பழைய சாதி; ஒரு தடவை பிடுங்கிவிட்டால், ரீஸ்டார்ட் பண்ணாமல் மறுபடி வேலை செய்யாது. மெய்ப்புப் பார்ப்பவர்கள் அதைத் தொடுவதில்லை; அது கண் உள்ளவர்களின் வசதிக்காக வைத்திருப்பது.

மெய்ப்புப் பார்ப்பவர்கள் இருவர். இருவருக்கும் பார்வை இல்லை. காலையில் உட்காருகிறவருக்கு நிதானம் என்று பெயர். ஒரு வரியைப் படித்து, விரலைத் தூக்காமல் யோசித்து, திரும்பவும் முதலிலிருந்து படித்து, அதன் பிறகுதான் அடுத்த வரியை வரவழைப்பார். மதியம் உட்காருகிறவர் பட்டாசு. அவர் விரல் ஓடுகிற ஓட்டத்துக்கு ஊசிமுனைகள்தான் மூச்சு வாங்கும். நிதானம் முடித்த புத்தகத்தில் பிழை இருக்காது. பட்டாசு முடித்த புத்தகம் குறித்த நேரத்தில் வரும். அச்சகம் இரண்டையும் வைத்துத்தான் நடந்துகொண்டிருந்தது, மேலாளர் அப்டேட் போடும் வரையில்.

கணினியைக் கொடுத்த நிறுவனம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புதிய பதிப்பு என்று ஒன்றை அனுப்பியிருந்தது. மேலாளர் மிச்சம் என்ற சொல்லில் மயங்கக்கூடியவர். போட்டார். அடுத்த வாரம், நிதானம் புவியியல் பாடநூலின் நடுவில் இருந்தபோது, பட்டையில் எல்லா ஊசிகளும் தொப்பென்று அமர்ந்துவிட்டன. அச்சுப்பொறி ஒரு தாளைப் பாதி குத்தி நின்றது. திரை கறுப்பாகி, மேலிருந்து கீழ்வரை வெள்ளை எழுத்துக் கொட்டியது. அன்று காலை செய்த திருத்தமெல்லாம் போயிற்று. மறுநாளும் போயிற்று. அதற்கு அடுத்த நாளும்.

விழுந்தது கெர்னல். கணினியின் அடித்தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு, எந்தக் கருவிக்கு எப்போது என்ன கொடுப்பது என்று பங்கு வைக்கும் நிரல் அது. உடும்பு மேலாளருக்கு விளக்கியது இப்படி: “மத்த புரோகிராம் செத்தா ஒரு ரூம்ல பல்பு போன மாதிரி சார். கெர்னல் செத்தா மெயினே போன மாதிரி. ஆனா ஒண்ணு, நல்ல மனசோட சாகும். ‘எனக்குப் புரியல, இதுக்கு மேல போனா எல்லாத்தையும் கெடுத்துடுவேன், அதனால நிக்கறேன்’னு எழுதி வெச்சுட்டுத்தான் நிக்கும். அந்த நேர்மை இந்த மாடியில வேற யாருக்கு இருக்கு?”

மேலாளர் அதைத் தம்மைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவரும் இல்லை; எந்த முடிவுக்கும் கீழே வேறொருவர் பெயர் இருந்தால் நிம்மதியாகத் தூங்குகிறவர், அவ்வளவுதான். நிறுவனத்துக்குப் போன் போட்டார். மற்ற வாடிக்கையாளர் யாருக்கும் இந்தக் கோளாறு இல்லை, பயன்படுத்துபவரின் தவறாக இருக்கும் என்றார்கள். மேலாளருக்கும் ஒரு கணக்குத் தோன்றியிருந்தது.

“நிதானம் உக்காந்தா விழுது. பட்டாசு உக்காந்தா விழல. இதுக்கு மேல என்னம்மா ஆதாரம் வேணும்?”

நிதானத்தை வரவேற்பறைக்கு, தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாற்றுவது என்று முடிவானது. வரும் திங்கட்கிழமை முதல். சம்பளம் குறையாது, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் என்றெல்லாம் மேலாளர் கனிவாகச் சொன்னார். நிதானம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“பார்வை இல்லன்னா போன் எடுக்கணும்னு எங்க அப்பா சொன்னாரு, காலேஜ்ல சொன்னாங்க, பொண்ணு பாக்க வந்தவங்ககூடச் சொன்னாங்க சார். அதெல்லாம் தாண்டித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். விழறப்ப நான் அழுத்தற பட்டன் ஒண்ணே ஒண்ணு, அடுத்த வரி. அதத் தப்பா அழுத்தறது எப்படின்னு யாராவது சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்.”

“அவங்க எங்கயும் போகப் போறதில்ல” என்றார் உடும்பு.

“அம்மா, கம்பெனிக்காரங்க வர்ற வரைக்கும், படிக்கறதத் தவிர அந்த மிஷின்ல யாரும் கை வைக்கக் கூடாது. வெச்சா வாரண்டி போயிடும். இது உத்தரவு.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு உடும்பு நேரே உள்ளறைக்குப் போய் மூடியைக் கழற்றினார்.

பிடிவாதக்காரர்களிடம் உள்ள சங்கடம், அவர்கள் தப்பான திசையிலும் அதே பிடிவாதத்தோடு போவார்கள் என்பது. நினைவகச் சில்லுதான் கெட்டிருக்கிறது என்று முதலில் அடித்துச் சொன்னார். மாற்றினார், விழுந்தது. அச்சுப்பொறியின் அதிர்வுதான் என்று அடுத்து சத்தியம் செய்தார். அதற்கு அடியில் பழைய புத்தகக் கட்டுகளை வைத்து, தொட்டில் குழந்தையாக அதைச் சமாதானப்படுத்தினார், அப்போதும் கணினி விழுந்தது. ஒவ்வொரு தடவையும், “அப்பவே எனக்குச் சந்தேகம்தான்” என்று, சந்தேகமே படாமல் இருந்த முகத்தோடு சொன்னார்.

திரையில் கொட்டும் எழுத்தின் கடைசிப் பகுதிதான் தங்கும். மேலே இருக்கும் வரிகள், கண் இமைப்பதற்குள் ஓடி மறைந்துவிடும். விழுந்த காரணம் இருப்பதோ அங்கே. உடும்பு தம் செல்போனைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்துத் திரையைப் பார்க்க வைத்துவிட்டுக் காத்திருந்தார். விழுந்ததும், பதிவான காட்சியை மெதுவாக, மேலும் மெதுவாக ஓட்டினார். ஓடிப்போன வரிகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. உரக்கப் படித்தார். நிதானம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“யாரையோ தூக்கத்துல இருந்து எழுப்பப் போயிருக்குங்க.”

“யாரு?”

“கெர்னலு. ஒரு கருவியை எழுப்பப் போயிருக்கு. போன விலாசத்துல ஆளே இல்ல. வெறும் இடத்துல கால வெச்சு விழுந்திருக்கு.”

“அங்க தூங்கறது யாரு?”

“அதான் தெரியல. அச்சு மிஷினுக்குத் தனி கரன்ட், அது தூங்காது. நீங்க பாட்டுக்குப் படிங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

நிதானம் படித்தார். உடும்பு பார்த்தார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சாவகாசமாகப் படிக்க வராது. நிதானம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டாசு வேகத்தில் படித்தார். கணினி விழவேயில்லை. கதவருகே வந்து எட்டிப் பார்த்த மேலாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“பாத்தீங்களா? நீங்க கூட இருந்தா ஒழுங்கா நடக்குது. தனியா விட்டா விழுது. வேணும்னு செய்யறாங்கன்னு நான் சொல்லல. ஆனா…”

“அந்த ‘ஆனா’வ எடுத்துக்கிட்டுப் போங்க சார், வேலை இருக்கு.”

மேலாளர் போய்விட்டார். நிதானம் பட்டையிலிருந்து கையை எடுத்தார். “ஒருவேளை நான்தானோ?” என்றார்.

“நீங்கதான்னா அதையும் கண்டுபிடிச்சு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன், கவலைப்படாதீங்க. படிங்க.”

இந்த ஆறுதல் வேலை செய்தது. நிதானம் பழைய நடைக்குத் திரும்பினார். ஒரு வரி, இன்னொரு வரி. ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்க பாருங்க அநியாயத்த. ‘இந்த ஆறு கடலில் தோன்றி, மேற்கே மலையில் கலக்கிறது.’ பசங்க படிக்கற புத்தகம்! ஆறு மேல ஏறுதாம்.”

“டைப் பண்ணவன் தலைகீழா உக்காந்து அடிச்சிருப்பான்.”

“மாத்திப் போட்டானா, இல்ல மூலத்துலயே அப்படியான்னு தெரியலயே. இதுக்கு முந்தின வரி என்னவா இருந்துச்சு…” விரல் அதே இடத்தில் அசையாமல் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. கடைசியில், சரி, அடுத்த வரியையும் பார்த்துவிட்டு வருவோம் என்று பொத்தானை அழுத்தினார்.

ஊசிகள் தொப்பென்று அமர்ந்தன.

“விழுந்துச்சு!” என்று உடும்பு போட்ட சத்தத்தில், கணக்கு எழுத்தர் எங்கோ குழந்தை பிறந்த சேதி என்று நினைத்து எழுந்து வந்தார். “அக்கா, இப்ப என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலயே. யோசிச்சேன்.”

“அதான்! யோசிச்சீங்க. விரல வெச்சுட்டுச் சும்மா இருந்தீங்க. பட்டை தூங்கிப் போச்சு!”

மின்சாரம் மிச்சம் பிடிக்கிற புதிய கெர்னல், கொஞ்ச நேரம் பொத்தான் எதுவும் அழுத்தப்படாத கருவியைத் தூங்க வைத்துவிடும். மறுபடி அழுத்தினால் எழுப்பும். இந்தப் பழைய பட்டையை எழுப்பத்தான் அதற்குத் தெரியவில்லை. பட்டாசு நிறுத்துவதே இல்லையாதலால், அவர் உட்கார்ந்திருக்கும்போது பட்டைக்குத் தூங்க நேரமே கிடைக்கவில்லை. யோசித்துப் படிக்கிறவர் கைக்கு மட்டும் விழுகிற கணினி அது.

தெரிந்துகொண்டால் போதாது, உடும்புக்கு மெய்ப்பிக்க வேண்டும். இந்தத் தடவை, காரணம் கையில் கிடைத்துவிட்டதால், ரீஸ்டார்ட் பொத்தானைத் தாமே அழுத்தினார். இருவரும் வேண்டுமென்றே சும்மா உட்கார்ந்து, நிதானத்தின் அண்ணிக்கும் அவருக்கும் உள்ள தகராற்றைப் பேசி முடித்தார்கள். முடித்ததும் பொத்தான், விழுந்தது. பிறகு பட்டாசைக் கூப்பிட்டார்.

“உக்காரு. விரல வெச்சுட்டு அசையாம இரு.”

“எதுக்கு மேடம்?”

“எதுக்கும் இல்ல. சும்மா இரு.”

பட்டாசுக்கு அதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. முழங்காலை ஆட்டினார், பெருமூச்சு விட்டார், “ஆச்சா? இப்ப ஆச்சா?” என்று கேட்டார். “இன்னும் இல்ல, பல்லக் கடிச்சுக்கோ” என்றார் நிதானம், கொஞ்சம் சந்தோஷமாகவே. கடைசியில் அழுத்தச் சொன்னபோது அழுத்தினார். பட்டாசு கையிலும் விழுந்தது.

“ஐயோ, நான் இல்ல!” என்றார் அவர்.

“அதத்தான்யா அக்காவும் இத்தன நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க” என்றார் உடும்பு.

கெர்னலைத் திருத்துவது அவர் கையில் இல்லை. அதை எழுதியவர்கள்தான் திருத்த வேண்டும். தூங்கினால்தானே எழுப்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். கணினி கண் விழிக்கும்போதே படிக்கிற அமைப்பில், கருவிகளைத் தூங்க வைக்காதே என்று விசைப்பலகையில் ஒரே ஒரு வரி அடித்துச் சேர்த்தார். நிதானம் மறுபடி கடலில் தோன்றிய ஆற்றிடம் போனார். வேண்டிய மட்டும் யோசித்தார். அழுத்தினார். அடுத்த வரி எழுந்தது. எழுந்த வரியை இரண்டு தடவை தடவினார், படிப்பதற்காக இல்லாமல்.

மேலாளருக்குச் சேதி போனபோது அவர் முகம் வெளிறியது. “வாரண்டி போயிடும்மா.”

“வாரண்டி போனாப் போகட்டும் சார். ஆறு எங்க போகுதுன்னு பாருங்க.”

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மரியாதையான பிள்ளை. பட்டாசுக்கு அன்று விடுப்பு. முழு நாளும் நிதானத்தின் முறைதான்; படித்துக்கொண்டிருந்தார். இளைஞர் விசைப்பலகையை இழுத்து வைத்து, சேர்த்திருந்த வரியைப் பார்த்தார், உடும்பு சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

“ஆனா இது எங்க அமைப்புல இல்லாத வரி மேடம். வாரண்டி வேணும்னா நான் இத எடுத்துட்டுத்தான் போகணும். முறையான திருத்தம் அடுத்த பதிப்புல வரும்.”

“எப்ப?”

“வரும் மேடம்.”

“அது வரைக்கும்?”

இளைஞர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தரையைப் பார்த்தார். “அது வரைக்கும் ரிசப்ஷன்ல… தற்காலிகமாத்தானேம்மா. திங்கட்கிழமையே ஆரம்பிச்சா…”

பட்டையின் மேல் நிதானத்தின் விரல்கள் நின்றன.

“எழுதிக் குடுத்துட்டு எடுக்கச் சொல்லுங்க” என்றார் உடும்பு மேலாளரிடம். “‘இத எடுத்தா விழும்னு தெரிஞ்சுதான் எடுக்கறோம்’னு. உங்க பேர் போட்டு.”

“இப்படியெல்லாம் பேசினா நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். உங்க வேலை புகாரை அனுப்பறது. வெளிய பலகையிலயே எழுதியிருக்கு.”

பதிலுக்கு உடும்பு கைப்பையைத் திறந்தார். அவர் வாக்குவாதம் செய்யாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால், மேலாளர் ஓரடி பின்வாங்கினார். இளைஞர், வேலையை முடித்துவிடலாம் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

உடும்பு மேசைக்குப் பின்னால் குனிந்தார். “நீங்க படிங்கக்கா” என்று நிதானத்திடம் சொன்னார். விசைப்பலகையின் வட்ட முனையைப் பிடுங்கி, கம்பியைச் சுற்றி, கைப்பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, சாப்பிடப் போனார்.